மத்தி டப்பாவும் மணிக்கணக்கும்

மீனை டப்பாவில் அடைக்கும் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரான்சு நாட்டு மிட்டாய்த் தொழிலாளி நிக்கொலா அப்பேரிடம் இருந்து தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. கண்ணாடிப் புட்டியில் உணவை இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் அது மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதைப் பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு நிறுவியவர் அவர். முறையை ஒளிக்காமல் நூலாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃப்ராங்க் பரிசளித்தது. நூல் 1810-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் லண்டனில் பீட்டர் டுராண்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதிலாகத் தகரக் கலத்தையும் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உணவு ஏன் கெடவில்லை என்பது இவர்கள் யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்று பாஸ்டர் விளக்குவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

இந்தக் கதையைப் பல நூல்களில் படித்துவிட்டேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு குறை பெரிதாகத் தெரிந்தது. அப்பேரின் முறை மீனுக்கு ஆண்டுக்கணக்கில் ஆயுள் கொடுத்தது உண்மை. ஆனால் கடலில் இருந்து வந்த மீன் டப்பாவுக்குள் போகும் வரையில் உள்ள அந்தச் சில மணி நேரத்தை அது ஒரு நொடிகூட நீட்டிக் கொடுக்கவில்லை. பனிக்கட்டியும் குளிர்பதன அறையும் இல்லாத காலத்தில் அந்தச் சில மணி நேரத்தின் சுமை முழுவதும் தொழிற்சாலைப் பெண்களின் மேல் விழுந்தது. ஆகவே இத்தொழிலின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களைவிடக் கூலி கணக்கிடப்பட்ட விதத்தைக் கொண்டே நன்றாகப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம். அதற்குப் பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனி கடற்கரையில் உள்ள டுவார்னனே என்ற சிறு துறைமுகத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிரிட்டனியின் தெற்கே உள்ள நான்த் நகரில் மத்தியை வதக்கி, மண் கலயங்களில் வெண்ணெய் ஊற்றி மூடி விற்கும் வழக்கம் முன்பே இருந்தது. அந்நகரின் கொலேன் குடும்பத்தார் அப்பேரின் முறையை மத்திக்குப் பொருத்திப் பார்த்து, கலயத்துக்குப் பதில் தகரப் பெட்டியையும் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயையும் கொண்டுவந்தார்கள். 1820-களில் அவர்கள் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்துதான் எண்ணெயில் ஊறிய மத்தி உலகச் சந்தைக்குப் போனது. அடுத்த சில பத்தாண்டுகளில் நான்த், பொர்தோ முதலிய நகரங்களின் வணிகர்கள் மீன் இறங்கும் இடத்துக்கே தொழிற்சாலையைக் கொண்டுபோனார்கள். டுவார்னனேயில் ஷான்செரெல் குடும்பத்தார் 1853-இல் தொடங்கிய தொழிற்சாலை இன்றும் அதே ஊரில் இயங்குகிறது.

வேலை நடந்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூலிச் சண்டையின் வேர் அதற்குள்தான் இருக்கிறது. கோடைக்கு முன்பே மத்திக் கூட்டங்கள் கரையை நெருங்கும். இலையுதிர் காலம் முடிய அவை விலகிப் போகும். மீனவர்கள் நார்வேயில் இருந்து பீப்பாயில் வந்த காட் மீனின் உப்புச் சினையைக் கடலில் தூவி, மத்தியை மேலே வரவழைத்து வலையில் விழச்செய்வார்கள். அந்தச் சினை விலை கூடியது; அதன் செலவு மீனவர் தலையில் விழும். படகு கரைக்கு வந்ததும் மீன் ஆயிரக் கணக்கில் விலை பேசப்படும். ஒரே நாளில் எல்லாப் படகுகளும் நிறைந்து வந்தால் தொழிற்சாலைகள் விலையைக் குறைக்கும், சில சமயம் வாங்கவே மறுக்கும். மீன் திரும்பக் கடலில் கொட்டப்படும். மீன் வாங்கப்பட்டுவிட்டால் ஊர்த் தெருக்களில் சிறுவர் சிறுமியர் கூவிக்கொண்டு ஓடுவார்கள். பகலானாலும் நள்ளிரவானாலும் பெண்கள் வெள்ளைத் துணித் தொப்பியைக் கட்டிக்கொண்டு, மரக்கட்டைச் செருப்பு ஒலிக்கத் தொழிற்சாலைக்குப் போவார்கள்.

அங்கே முதல் வேலை, ஒரே வெட்டில் தலையை அறுத்து, அதே இழுப்பில் குடலையும் வெளியே எடுப்பது. பிறகு மீன் உப்புநீரில் கிடக்கும். எவ்வளவு நேரம் என்பது மீனின் பருமனைப் பொறுத்தது. கழுவிய மீனைக் கம்பித் தட்டுகளில் ஒழுங்காக நிறுத்திக் காற்றில் உலர்த்துவார்கள். உலர்ந்ததைக் கொதிக்கும் எண்ணெயில் சிறிது நேரம் இறக்கி எடுத்து, வடியவிட்டு, பெட்டியில் அடுக்கி, மேலே புது எண்ணெய் ஊற்றுவார்கள். மூடியை ஈயத்தால் பற்றவைப்பது மட்டும் ஆண்களின் வேலை. தொழிற்சாலையிலேயே கூடுதல் கூலி அவர்களுக்குத்தான். பற்றவைத்த பெட்டிகள் கொதிநீரில் வேகும். பின்னர் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு போக மரத்தூளில் புரட்டித் துடைப்பார்கள். துடைப்பதும் பெண்களே. உப்பும் மீன் முள்ளும் சேர்ந்து விரல்களைப் புண்ணாக்கும். அந்த விரல்களோடு மறுநாளும் உப்புநீரில் கைவிட வேண்டும்.

வேலையின் இந்த ஒழுங்கில் எந்த இடத்திலும் நிறுத்த இயலாது. தலை அறுத்த மீன் காத்திருக்காது. உலர்ந்த மீன் எண்ணெய்க்குப் போயாக வேண்டும். பிரான்சில் 1892-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்தபோது, கெட்டுப்போகும் பொருளைக் கையாளும் தொழில்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மீன் பதனிடும் தொழிற்சாலைகள் அந்த விலக்கின் கீழ் வந்தன. எட்டு மணி நேர வேலைச் சட்டம் 1919-இல் வந்த பிறகும் மீன் வரத்து மிகுந்த நாள்களில் பதினைந்து, பதினெட்டு மணி நேரம் தொடர்ந்து நின்று வேலை செய்த பெண்கள் டுவார்னனேயில் இருந்தார்கள். சட்டம் குறித்த வயதை எட்டாத சிறுமிகளும் அவர்களுக்கிடையே நின்றார்கள். தூக்கம் வராமல் இருக்கப் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். பெரும்பாலும் தேவாலயப் பாட்டுகளே. பிற்காலத்தில் வேலைநிறுத்த ஊர்வலங்களில் அவர்கள் பாடிய வேகத்துக்கு அந்த இரவுகளின் பயிற்சியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தொடக்க காலத்தில் பெண்களுக்குக் கூலி மீனின் எண்ணிக்கைப்படி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த முறையில் எண்ணிக்கையை முடிவு செய்தது முதலாளி தரப்பு. எத்தனை ஆயிரம் வந்தது என்று அவர்கள் சொன்னதைச் சரிபார்க்கப் பெண்களுக்கு வழியில்லை. மீனுக்காகக் காத்துக்கொண்டு தொழிற்சாலைக்குள் உட்கார்ந்திருந்த நேரத்துக்கோ ஒன்றுமே கிடையாது.

என் சித்தி ஒருவர் தூத்துக்குடியில் இளவயதில் இறால் உரிக்கும் வேலைக்குப் போனவர். அங்கும் உரித்த எடைக்குத்தான் கூலி. இறால் வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் விடியற்காலையில் இருந்து காத்திருந்ததைப் பற்றியும், ஐஸில் கிடந்த இறாலை உரித்து உரித்து விரல் நுனி மரத்துப்போனதைப் பற்றியும் அவர் சொல்வார். எடைத்தராசு யார் கையில் இருந்தது என்பதைத்தான் மற்ற எதையும்விட அழுத்திச் சொல்வார். டுவார்னனேயின் பெண்கள் எண்ணிக்கைக் கூலியை ஏன் அவ்வளவு வெறுத்தார்கள் என்பது எனக்குப் புத்தகங்களைவிட அவர் பேச்சில்தான் முதலில் விளங்கியது.

1902-இல் பிரிட்டனி கரைக்கு மத்தி வரவில்லை. அடுத்த சில ஆண்டுகளிலும் வரத்து மோசமாகவே இருந்தது. படகு, வலை, சினை எல்லாவற்றுக்கும் கடன்பட்டிருந்த மீனவக் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. நாடெங்கும் அவர்களுக்காக நிதி திரட்டப்பட்டது. அருகில் உள்ள கொங்கார்னோ துறைமுகத்தில் அவர்களின் துயர் தீர்க்கப் பணம் சேர்ப்பதற்காக 1905-இல் தொடங்கிய நீல வலைத் திருவிழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. வேலையிழந்த பெண்களுக்கு ஐரிஷ் முறைக் குரோஷே பின்னல் கற்றுக்கொடுக்கப்பட்டு, அது அப்பகுதியின் கைத்தொழிலாகவே நிலைத்துவிட்டது. முதலாளிகளுக்கு வேறு வழிகள் இருந்தன. 1880-களில் இருந்தே போர்த்துக்கல் நாட்டின் செத்தூபல் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தொழிற்சாலை வைக்கத் தொடங்கியிருந்தார்கள். மீனும் கூலியும் மலிவான ஸ்பெயின், போர்த்துக்கல் கரைகளுக்கு முதலீடு மேலும் நகர்ந்தது. மூடி பற்றவைக்கும் ஆண்களின் வேலையையும் மடித்து அழுத்தும் இயந்திரங்கள் பறிக்கத் தொடங்கின. அவர்கள் அவற்றை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடித் தோற்றார்கள்.

இத்தனை நெருக்கடிக்கு நடுவில், 1905-இல், டுவார்னனேயின் பெண்கள் சங்கம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற முறையை ஒழித்து மணிக்கு இவ்வளவு என்ற முறையைப் பெற்றார்கள். இந்த வெற்றியைத் தொழில் வரலாற்றில் அப்பேரின் புட்டிக்கு நிகராக வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மீனின் எண்ணிக்கையை முதலாளி திரிக்கலாம். ஆலயக் கோபுரத்தின் கடிகாரத்தை ஊரே பார்க்கும். எந்த அளவுகோலால் தங்கள் உழைப்பு அளக்கப்பட வேண்டும் என்பதை உழைப்பவர்களே முடிவு செய்த அரிய தருணம் அது. மீன் வராத ஆண்டுகளில், பேரம் பேசும் வலு மிகக் குறைவாக இருந்தபோது அதைச் சாதித்தார்கள் என்பது அதன் மதிப்பை இன்னும் கூட்டுகிறது.

அளவுகோல் மாறினாலும் கூலி உயரவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு விலைவாசி பல மடங்கு ஏறியிருந்த 1924-இல் ஒரு பெண்ணுக்கு மணிக்கு 80 சாந்தீம், அதாவது ஒரு ஃப்ராங்கைவிடக் குறைவாகக் கிடைத்தது. ஊரில் அப்போது இருபதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பரின் மூன்றாம் வாரத்தில், டப்பாக்களைச் செய்து கொடுத்த கார்னோ தகரத் தொழிற்சாலையில் வேலை நின்றது. சில நாள்களில் ஊரின் எல்லாத் தொழிற்சாலைகளும் நின்றன. சுமார் 2,000 பேர் வெளியே வந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மணிக்கு ஒரு ஃப்ராங்க் 25 சாந்தீம் என்பது கோரிக்கை. பிரிட்டனியின் பழைய நாணயக் கணக்கில் 25 சாந்தீமை ஒரு ரெயால் என்பார்கள்; ஆகவே பெண்கள் தங்கள் தாய்மொழியான பிரெத்தோனில் ‘பெம்ப் ரெயால் அ வோ’, ஐந்து ரெயால் ஆகியே தீரும் என்று முழங்கியபடி துறைமுகத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். பிரெஞ்சு மொழி சரளமாகப் பேசாத பெண்கள் பலர் அக்கூட்டத்தில் இருந்தார்கள்.

டுவார்னனே 1921-லேயே கம்யூனிஸ்டு ஒருவரை நகரத் தலைவராகத் தேர்ந்தெடுத்த ஊர். பிரான்சில் அதற்கு முன் வேறெந்த ஊரும் அப்படிச் செய்ததில்லை. 1924-இல் தலைவராக இருந்த தானியெல் லெ ஃப்ளான்ஷெக் நகர மன்றத்தை வேலைநிறுத்தக்காரர்களுக்குத் திறந்துவிட்டார். பொது அடுப்பு மூட்டி எல்லாருக்கும் உணவு வழங்கப்பட்டது. மீனவர்கள் பெண்களுக்குத் துணையாகக் கடலுக்குப் போகாமல் நின்றார்கள். கணவன் ஆயிரக் கணக்கில் விற்ற மீனை மனைவி மணிக்கணக்கில் அடுக்கிய ஊர் அது. இருவரையும் எதிர்த்து நின்றவர் ஒரே முதலாளி என்பதால் குடும்பங்கள் இரண்டாகப் பிளவுபடவில்லை. தொழிலாளர் துறை அமைச்சர் பாரிஸுக்கு இரு தரப்பையும் அழைத்துப் பேசியும் பயனில்லை, முதலாளிகள் அசையவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ஒரே ஒரு தொழிற்சாலையின் உரிமையாளரான பெண்மணி மட்டும் தனியாக உடன்பட்டார்.

பிறகு நடந்தது வெட்கக்கேடானது. பாரிஸில் இருந்து கருங்காலிகள் அழைத்துவரப்பட்டார்கள். 1925 ஜனவரி முதல் நாள் மாலை ஒரு மதுக்கடையில் அவர்கள் சுட்டதில் லெ ஃப்ளான்ஷெக்கின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவி, ஊர் கொதித்தெழுந்து, கருங்காலிகள் தங்கியிருந்த விடுதியை நொறுக்கியது. அவர் பிழைத்துக்கொண்டார். கருங்காலிகளுக்கு முதலாளிகளில் சிலர் பணம் கொடுத்திருந்தது வெளிப்பட்டதும், வழக்குக்கு அஞ்சி அந்தத் தரப்பு இறங்கிவந்தது. ஜனவரி முதல் வாரத்தில் உடன்பாடு கையெழுத்தானது. பெண்களுக்கு மணிக்கு ஒரு ஃப்ராங்க்; நெடுநேர வேலைக்கும் நள்ளிரவுக்குப் பிந்தைய வேலைக்கும் ஒன்றரை மடங்கு; வேலைநிறுத்தம் செய்தவர்கள் யாரும் பழிவாங்கப்படக் கூடாது. கேட்ட ஐந்து ரெயாலில் நான்குதான் கிடைத்தது. ஆனால் மீன் காத்திருக்காது என்ற காரணத்தைக் காட்டி எல்லையின்றி எடுக்கப்பட்ட இரவு நேரத்துக்கு முதன்முறையாகத் தனி விலை வைக்கப்பட்டது. கூலி உயர்வைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன், ஏனென்றால் அதுவரை இரவை நீட்டுவதால் முதலாளிக்கு நட்டம் எதுவும் இல்லாதிருந்தது.

அவ்வாண்டு மே மாத நகர மன்றத் தேர்தலில் கம்யூனிஸ்டுப் பட்டியலில் ழோசெஃபின் பென்காலெ என்ற மத்தித் தொழிலாளி இடம்பெற்றார். கணவனை இழந்தவர், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். பிரான்சில் பெண்களுக்கு அப்போது வாக்குரிமையே கிடையாது; ஆண்களின் வாக்கால் அவர் வென்றார். சில மாதங்கள் மன்றக் கூட்டங்களில் கலந்துகொண்டார். நவம்பரில் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அவர் பெண் என்ற காரணத்தால் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945-இல்தான். பென்காலெ தொழிற்சாலைக்குத் திரும்பி, அரசியலை விட்டு விலகி, 1972-இல் மறைந்தார். அவரைக் காப்பாற்ற அவருடைய கட்சி பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை என்பதைப் படித்தபோது வருந்தினேன். லெ ஃப்ளான்ஷெக்கின் முடிவும் கொடியது. இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர்களால் நாடுகடத்தப்பட்டு 1944-இல் புக்கன்வால்ட் முகாமில் இறந்தார்.

தொழில்நுட்பத்தின் பக்கம் ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிடுகிறேன். கொதிநீரில் வெந்த டப்பாக்கள் சில ஏன் பின்னர் வீங்கிக் கெடுகின்றன என்ற கேள்விக்கு 1890-களின் பிற்பகுதியில் பாஸ்டனில் விடை கிடைத்தது. அண்டர்வுட் என்ற டப்பா உணவு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் லைமன் அண்டர்வுட், பேராசிரியர் சாமுவேல் பிரெஸ்காட் ஆகிய இருவரும் கெட்டுப்போன மட்டி, சிங்கிறால் டப்பாக்களை ஆராய்ந்து, கொதிநீரின் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு என்றும், அழுத்தக் கலத்தில் கொதிநிலையைக் கடந்து சூடேற்றினால்தான் அவை சாகும் என்றும் காட்டினார்கள். உணவுப் பாதுகாப்பின் அறிவியல் அடித்தளங்களில் ஒன்று கடல் உணவு டப்பாவில் இருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இன்று டுவார்னனேயில் எஞ்சியிருப்பவை ஒருசில தொழிற்சாலைகளே. இயந்திரங்கள் பல வேலைகளை எடுத்துக்கொண்டாலும், மத்தியைப் பெட்டியில் அடுக்குவது இன்னும் பெரும்பாலும் பெண்களின் கைவேலையாக இருக்கிறது. அவ்வூரின் பழம்பெரும் வணிகச் சின்னங்களில் ஒன்று இப்போது தாய்லாந்து நிறுவனம் ஒன்றின் சொத்து. பெரும் வேலைநிறுத்தத்தின் நூற்றாண்டான 2024-இல் ஊர் அதை விழாவாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் அங்குள்ள தொழிலாளிகள் ஊதிய உயர்வு கேட்டு மறுபடியும் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தார்கள்.

இவ்வளவு விவரம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த ஊரில் ஆய்வாளர்கள் வயதான பெண்களைத் தேடிச் சென்று, அவர்கள் பேசியதைப் பதிவு செய்து வைத்ததுதான். நம் கடற்கரையில் தூத்துக்குடியிலும் குமரி மாவட்டத்திலும் இறால், கணவாய் கம்பெனிகளில் வேலை பார்த்த பெண்களும், வீட்டை விட்டுக் குஜராத்தின் வேராவல் வரை போய்த் தங்கி உழைத்த பெண்களும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எந்த ஆண்டில் கிலோவுக்கு எவ்வளவு கூலி, தராசை யார் பிடித்தார்கள், மீன் வண்டிக்காகக் காத்திருந்த நேரத்துக்குப் பணம் உண்டா, இரவு வேலைக்குக் கூடுதல் கிடைத்ததா என்ற நான்கையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். சித்தியிடம் கேட்டு நான் குறித்துவைத்தவற்றோடு அவற்றையும் சேர்த்து, பெயர் விவரம் இல்லாமல் இங்கே வெளியிடுகிறேன்.